எட்டு ஸ்லாட்டும் ஒரு முனிரத்தினமும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ரிப்பேரே ஆகாத பொருள் ஒன்றுதான்: கஸ்டமரின் தன்னம்பிக்கை.

மிக்ஸி பிரிப்பவர்களே, செல்போன் டிஸ்ப்ளே மாற்றுகிறவர்களே, "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு" என்ற வாக்கியத்தைத் தினமும் காதில் வாங்கிக்கொள்கிற சக துன்பசாலிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் கஸ்டமர் பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

என் பெயர் ஷம்ஷாத். திருத்தணியில் ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற வழியில் என் கடை. கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப்பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பாய் இல்லீங்களா?" என்பார்கள். பாய், அதாவது என் வீட்டுக்காரர், அரக்கோணத்தில் பைக் மெக்கானிக். அவருக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அதைச் சொன்னாலும், "பரவால்ல, அவரு வரட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

லோக்கல் ட்ரெயினில் வந்த மகாராஜா

முனிரத்தினம் அண்ணன் அப்படியில்லை. மலை அடிவாரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முகூர்த்த நாள் என்றால் மலைமேல் வரிசையாகக் கல்யாணம். கல்யாணம் என்றால் ஆல்பம். படம் எடுப்பது, அடுக்குவது, வானத்தை நீலமாக்குவது, மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவது எல்லாம் அவரேதான். என்னைப் "பாயம்மா" என்று கூப்பிடுவார், என் வேலையை மதிப்பார், பிறகு நான் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வார்.

ஒருநாள் சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கி, லோக்கல் ட்ரெயினில் பூக்கூடைகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். சாதாரண கம்ப்யூட்டருக்கும் வொர்க்ஸ்டேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்றால், இது பீரோ கனம் கனக்கும், ஆன் செய்தால் ரைஸ்மில் மாதிரி கத்தும். என் கடையில் முதல்முறை ஆன் செய்தபோது ஃபேன் வழியாக நாலு சாமந்தி இதழ் வெளியே வந்து விழுந்தது. அதை நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டார்.

மூடியைத் திறந்து காட்டினேன். ரேம் சொருகுகிற இடம் எட்டு. நாலில் ரேம் இருந்தது, நாலு காலி. "இருக்கறதே உங்க ஆல்பத்துக்குப் போதும்ணா. வேணும்னா இதே ஜாதியில, இதே அளவுல தேடி வாங்கணும். கண்டதைக் கலக்கக் கூடாது" என்றேன். அவர் காலியாக இருந்த நாலு இடத்தையும், கல்யாண மண்டபத்தில் ஆள் வராத நாற்காலிகளைப் பார்ப்பதுபோல வருத்தத்தோடு பார்த்தார்.

"எட்டு எடம் கீது பாயம்மா, நாலுதான் ரொம்பிகினு கீது. காலியா வுட்டா பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

கொஞ்சம் ராவினால்

இந்த இடத்தில் பாவாவை அறிமுகப்படுத்தியாக வேண்டும். பாவா என்றால் முனிரத்தினத்தின் அக்கா வீட்டுக்காரர். சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். கம்ப்யூட்டர் சம்பந்தமாகக் குடும்பத்தில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். கம்பெனியில் என்ன வேலை என்று ஒருநாள் விசாரித்தேன். ஸ்டாஃபை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறாராம். வேனில் ஏறுகிறவர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தார். அதுவும் ஒரு படிப்புதான்.

பாவா சொன்னாரென்று ஆன்லைனில் இரண்டு ரேம் வந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, புதுத் தலைமுறை. ரேமின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அந்த வெட்டு கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். தப்பானதை யாரும் சொருகிவிடக் கூடாதென்று ஒரு புண்ணியவான் செய்து வைத்த ஏற்பாடு. அந்தப் புண்ணியவான் முனிரத்தினத்தைப் பார்த்ததில்லை.

வைத்துக் காட்டினேன். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. ஸ்பீக்கரில் பாவாவைப் பிடித்தார். பாவா அந்தப் பக்கமிருந்து, "நல்லா அமுக்குடா, புதுசு அப்பிடித்தான் டைட்டா இருக்கும்" என்றார். நான் மெஷினுக்கும் முனிரத்தினத்துக்கும் நடுவில் கையை நீட்டி மறித்துக்கொண்டேன். அவர் ரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம தெருவுல வெள்ளி வேலை செய்றவரு அரம் வெச்சிகினு கீறாரு. லேசா ராவினா உள்ள போயிடாது?"

சந்தனக் காப்பு

ராவாமல் தடுத்தேன். அந்த இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு வேறு இரண்டு கொண்டுவந்தார். இந்தமுறை வெட்டு சரியான இடத்தில் இருந்தது. அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. மெஷின் பீப், பீப், பீப் என்று கத்தியது. வந்த ரேம் சர்வரில் போடுகிற ஜாதி. பார்வைக்கு ஒன்றாக இருக்கும், சாதாரண ஜாதியோடு சேர்த்து வைத்தால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. "ரெண்டும் ஒண்ணா இருக்காதுண்ணா" என்றேன். அந்தக் கத்தலை செல்போனில் பதிவு பண்ணி பாவாவுக்கு அனுப்பினார். மெஷின் சூடாகிறது, கொஞ்சம் பொறு என்று பதில் வந்தது.

பொறுத்தோம். இரண்டு டீ குடிக்கிற நேரம் பொறுத்தோம். அது கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து, ஆம்புலன்ஸ் ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் காலையில் முகம் மலரத் திரும்பி வந்தார். மலைக்குப் போய் வந்திருக்கிறார். ரேம் இரண்டுக்கும் நெற்றிக்கு இடுவதுபோல சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே விபூதியும் பூசிக் கொண்டுவந்திருந்தார். சரியாகத் தங்க முலாம் பூசிய பல்வரிசை மேலேயே. ஒரு காகிதத்தை விரித்து, விபூதி கீழே சிந்தாமல் பிரஷ்ஷால் தட்டி, மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். சந்தனத்தைச் சுரண்டத்தான் அரைமணி நேரம் ஆனது. சொருகி ஆன் செய்தேன். அதே மூன்று பீப்.

அவருக்கு நிஜமாகவே மனசு உடைந்துவிட்டது.

"விபூதில கரண்ட் போவாதுன்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா பாயம்மா?"

நான் சொன்ன 'சரி'

இதுவரை சிரித்தீர்களா? இனி என் முறை.

மூன்றாவது தடவை முனிரத்தினம் கொண்டுவந்த இரண்டு ரேம் ஓரளவு சரியான ஜாதி. ஆனால் ஒரு குறை. அந்த மெஷினில் முதலிலேயே இருந்த ரேமில் ஒன்பது சிப்பு. எட்டு சிப்பு வேலை செய்யும்; ஒன்பதாவது, அந்த எட்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாம் பார்த்த சூப்பர்வைசர்கள் மாதிரி இல்லை, இது நிஜமாகவே பார்க்கும். தப்பு வந்தால் பிடித்துத் திருத்தும். முனிரத்தினம் கொண்டுவந்ததில் எட்டே சிப்பு. இதையும் அதையும் கலந்து போட்டால் மெஷின் ஓடும், ஆனால் மேற்பார்வை மொத்தமாக நின்றுவிடும்.

எனக்கு அது தெரியும். சொல்லவும் சொன்னேன். அவரோ, "நாளைக்கி முகூர்த்தம், இன்னிக்கி மெஷின் வேணும்" என்று வாசலில் வண்டியை ஆஃப் பண்ணாமலே நிற்கிறார். வந்து வந்து கேட்டு என் உயிரை எடுத்துவிட்டார். சரி, ஒரேயடியாகத் தொலையட்டும் என்று அவருடைய இரண்டையும் போட்டேன். இன்னும் இரண்டு இடம் காலி. அதையும் கேட்பார். என் கடையில் பிரித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து இரண்டை எடுத்து நானே சொருகினேன். மூன்று கம்பெனி, இரண்டு வேகம், ஒரு பெட்டி. எட்டு ஸ்லாட்டும் நிறைந்தது. கண்டதைக் கலக்கக் கூடாதென்று சொன்னவளும் நான்தான், இதைச் செய்தவளும் நான்தான்.

ரேம் கலந்தால் குறைந்தது ஒரு முழுநாள் டெஸ்ட் ஓடவிட வேண்டும். நான் ஓடவிட்டது பத்து நிமிடம். தப்பு ஒன்றும் காட்டவில்லை. "சரி, எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றேன். திரையில் மொத்த மெமரி கணக்கைப் பார்த்து, பெண் பார்த்து முடிந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

"பாத்தீங்களா? மொதல்லயே இப்பிடிப் போட்டிருந்தா இத்தினி நாளு வேஸ்ட்டா போயிருக்குமா?"

புது டிசைன்

ஒன்றரை மாதம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நம்பியிருக்கக் கூடாது.

திரும்பி வந்தவர் செல்போனை நீட்டி ஒரு ஆல்பப் பக்கத்தைக் காட்டினார். கல்யாணப் படம். மேல்பாதி நன்றாக இருந்தது. அங்கிருந்து கீழே, படம் ஒரு பக்கமாக நழுவி, பச்சையும் ரோஸும் பட்டை பட்டையாக ஓடியது. இன்னும் சில படத்திலும் அப்படி. பத்துப் படத்துக்கு ஒன்று. முனிரத்தினத்துக்கு முதலில் கேமரா மேல் சந்தேகம், பிறகு லைட் பிடித்தவர் மேல் சந்தேகம். பாவாவை விசாரித்தபின் சந்தேகமே தீர்ந்துவிட்டது.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கேமரா கார்டிலிருந்து மெஷினுக்குப் படத்தை ஏற்றும்போது அது ரேம் வழியாகத்தான் போகும். ரேமில் ஒரு புள்ளி தப்பினால் போதும், படம் அப்படித்தான் உடையும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "கார்டை ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்கண்ணா" என்பது. பொய் என்று சொல்ல முடியாது. பொய்யைத்தான் சொன்னேன்.

அவர் போனை வாங்கி மறுபடி அந்தப் படத்தைப் பார்த்து, தலையைச் சாய்த்து ரசித்தார்.

"பாவா சொல்றாரு, வெளிநாட்டு ஆல்பத்துல இப்ப இதான் டிசைனாம். ஆனா பொண்ணு வூட்டுக்காரங்கதான் ரசிக்க மாட்றாங்க."

செல்வி

ரசிக்காத பெண் வீட்டார் மறுநாளே என் கடைக்கு வந்தார்கள். வீட்டார் என்றால் ஒரே ஆள்தான். கல்யாணப் பெண். பெயர் செல்வி. கே.ஜி.கண்டிகையில் பிறந்து, கனகம்மாசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. முனிரத்தினத்திடம் சண்டை போட்டிருக்கிறாள். அவர், "பாயம்மா போட்ட ரேம்தான் காரணம், போய் அங்க கேளு" என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருக்கு ரேமைப் பற்றி என்ன தெரியும்?

செல்வி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையிலிருந்து பிரிண்ட் போட்ட படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணமேடை. இரண்டு பக்கமும் செல்வியின் அப்பாவும் அம்மாவும், நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். அப்பா கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவருடைய மூக்குக்குக் கீழே பச்சைப் பட்டை. வாயில்லை, தாடையில்லை. மேடையில் அவர் நின்ற இரண்டு மூன்று படத்திலும் ஏதோ ஒரு பட்டை. கல்யாணம் முடிந்த இருபதாவது நாள், வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மாலை போட்டு வைக்க வீட்டில் வேறு படமே கிடையாதாம்.

அவள் படத்தின் அந்தப் பச்சையை விரலால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். அழுக்கு மாதிரி அது போகுமென்று நினைத்தாளோ என்னவோ.

"எங்கப்பாரு ஒரு தபாதான்கா போட்டோவுக்கு நின்னாரு. அதுவும் நான் அழுதப்பறம்தான் நின்னாரு."

முதல்முறையாக முனிரத்தினம்

மெஷினைக் கடைக்குத் தூக்கி வரச் சொன்னேன். எட்டு ரேமையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொன்றுக்கும் முழு டெஸ்ட். மூன்று நாள் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. டெஸ்ட் ஓடும்போது நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னால் வெட்கக்கேடு. தப்பு முனிரத்தினம் வாங்கிவந்த ரேமில் இருக்க வேண்டும், யா அல்லாஹ், பாவா சொன்ன ரேமில்தான் இருக்க வேண்டும்.

பழைய நாலும் சுத்தம். முனிரத்தினம் வாங்கியது இரண்டும் சுத்தம். என் கடைப் பெட்டியிலிருந்து நான் எடுத்துப் போட்டதில் ஒன்று சுத்தம். இன்னொன்று, முதல் அரைமணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு திரை முழுக்கச் சிவப்புக் கோடாகக் கொட்டியது. முனிரத்தினம் தன் வாழ்க்கையில் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னதில் முதல்முறையாக ஒன்று சரியாக இருந்தது: பாயம்மா போட்ட ரேம்தான் காரணம். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

அந்த ரேமின் ஸ்டிக்கரை நகத்தால் நெருடிப் பார்த்தேன். எது யாருடைய ரேம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டிக்கரைக் கிழித்தால் எல்லாம் ஒன்று. பாய்க்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பிரேக்க சரி பண்ணாம வண்டியக் குடுத்துட்டு, ரோடு சரியில்லன்னு சொன்னா நீ ஒத்துப்பியா?" என்றார். மவுஸ் பிடிக்கத் தெரியாதவர் இப்படித்தான் பேசுவார்.

ஸ்டுடியோவுக்கு நடந்தே போனேன். செல்வியையும் வரவழைத்து இரண்டு பேரிடமும் சொன்னேன். தப்பு என்னுடைய ரேம். டெஸ்ட்டை முழுசாக ஓட்டாததும் நான். கார்டைப் பாருங்கள் என்று திசை திருப்பியதும் நான். செல்வி அந்தப் படத்தைப் பையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தாள். முனிரத்தினம்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு பாயம்மா சொன்னீங்க? சொல்லாம இருந்தா உங்களத் திட்டிகினாவது இருந்திருப்பேன். இப்ப அதுவும் முடியல."

பந்தி

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. படத்தை மெஷினுக்கு ஏற்றும்போதுதான் உடைந்தது. கேமரா கார்டில் நல்ல படம் இருந்திருக்கும். கார்டைக் கேட்டேன். ஃபார்மேட் போட்டு அடுத்த கல்யாணத்தையும் அதிலேயே எடுத்துவிட்டாராம். அதற்கப்புறம் தொடவில்லை. அதாவது செல்வி கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளையாக இரண்டாவது சின்னக் கல்யாணம். கார்டின் முன்பாதிதான் போயிருந்தது.

கார்டை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் என் கடைக்கு வந்தோம். மெஷினில் பழைய ரேமில் ஒரே ஒன்றை மட்டும் விட்டேன். ஏழு ஸ்லாட்டும் காலி. முனிரத்தினம் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அழிந்த படங்களைத் தேடுகிற புரோகிராமை ஓடவிட்டேன். மெஷின் ஊர்ந்தது. செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை படிந்தது. தாலி கட்டியது வரவில்லை. மணமேடை வரவில்லை. அந்தக் குடும்பப் படம் வரவே இல்லை. மாலைக்குள் வந்ததெல்லாம் கல்யாணத்தின் பின்பாதி: பந்தி, இலை, கை கழுவுகிறவர்கள், வெற்றிலை மெல்லுகிறவர்கள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

முந்நூற்றுச் சொச்சம் படம் தாண்டி ஒன்று வந்தது. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு கையில் சாம்பார் வாளி, மறுகையை நீட்டி, பரிமாறுகிற ஆளைப் பார்த்து வாய் நிறையக் கத்திக்கொண்டிருந்தார் ஒருவர். முகத்தில் ஒரு பட்டை இல்லை. பல்லில் இருந்த வெற்றிலைக் கறைகூடத் தெளிவாகத் தெரிந்தது. முனிரத்தினம் அவசரமாக, "இத சரிபண்ணி, வாய மூடினாப்ல பண்ணித் தரேன்மா, வாளியக்கூட எடுத்துடலாம்" என்றார். செல்வி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை, நானும் அந்த நிலையில்தான் இருந்தேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா. எங்கப்பாரு திட்டிகினேதான் இருப்பாரு. இதையே பெருசா போட்டுக் குடுங்க."

மூன்று நாள்

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி நானே கே.ஜி.கண்டிகைக்கு பஸ்ஸில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். மேடைப் படங்கள் போனது போனதுதான். அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. முனிரத்தினத்தின் மெஷினில் இப்போது பழைய நாலு ரேம் மட்டும் இருக்கிறது. மீதி நாலு ஸ்லாட்டும் தெரியாமலிருக்க மூடியின் மேல் சாமி படம் ஒட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். ஊருக்குப் புதுசு. அவருடைய பழைய மெஷினுக்கு ஒரு ரேம் சேர்க்க வேண்டும். இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முழு டெஸ்ட் ஓட்டித் தர மூன்று நாள் ஆகும் என்றேன். வழக்கம்போல, பாய் எப்போது வருவார் என்று கேட்டார். பாய் வந்தாலும் மூன்று நாள்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரசவத்துக்குச் சேத்தாக்கூட மறுநாளு புள்ளைய கையில குடுத்துடறாங்க. ஒரு ரேம் போட உனக்கு மூணு நாளாம்மா?"

ஆமாம், மூன்று நாள்தான். அதனால் திருத்தணியில் எனக்கு 'லேட் பாயம்மா' என்று பெயர் பரவிவிட்டது, கடை போர்டுக்கு அடுத்தமுறை பெயின்ட் அடிக்கும்போது அதையே எழுதிவிட்டால் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற நேரமாவது மிச்சமாகும்.